தேதி குறித்து மூட்டும் தீ

உத்தராகண்ட் மலைகளில் விவசாயி தன் வயலில் வைக்கும் தீ காட்டை விழுங்கிவிடுகிறது. அரசு தடை போட்டுப் பார்த்தது. அல்மோராவின் சில கிராமங்களோ ஒரு தேதியைக் குறித்தன.

மார்ச் கடைசி வாரத்தில் அல்மோரா மாவட்டத்து மலைச் சரிவுகளில் ஆங்காங்கே மெல்லிய புகை எழும். வெளியூர்க்காரர்கள் பதறக்கூடும். ஊர்க்காரர்கள் பதறுவதில்லை. அது அவர்களே வைத்த தீ. குமாவுன் கிராமங்களில் இதற்கு ஓனா என்று பெயர். ஆடா என்றும் கேடா என்றும் சொல்லும் ஊர்களும் உண்டு. குளிர்காலத்தில் தரிசாகக் கிடந்த படிக்கட்டு வயல்களில் முளைத்த முட்புதர்களையும், படிகளைத் தாங்கும் கற்சுவர்களில் படர்ந்த செடிகொடிகளையும் அரிவாளால் வெட்டி, காயவைத்து, குவித்துக் கொளுத்துவார்கள். சாம்பலை இறைத்து உழுதுவிட்டால் மண்டுவா விதைக்க நிலம் தயார். மண்டுவா என்பது வேறொன்றுமில்லை, நம் கேழ்வரகுதான்.

வெட்டுவதும் சுமப்பதும் குவிப்பதும் பெரும்பாலும் பெண்கள். ஆண்கள் தில்லியிலும் ஹல்த்வானியிலும் டேராடூனிலும் வேலைக்குப் போய்விட்டார்கள். டிராக்டர் ஏற முடியாத, ஒரு ஜோடி மாடு திரும்பவே இடம் போதாத துண்டு நிலங்கள் இவை. வெட்டிய முள்ளைக் கொண்டுபோய்க் கொட்ட இடமும் கிடையாது, சுமந்து செல்ல ஆளும் கிடையாது. ஒரு தீக்குச்சியில் வேலை முடியும்போது வேறு யோசனை யாருக்கு வரும்? இந்தப் பழக்கத்தை அறியாமை என்று ஒதுக்கிவிடுகிறவர்கள் அந்தச் சரிவில் ஒரு கட்டு முள்ளைத் தலையில் சுமந்து ஏறிப் பார்த்ததில்லை.

தன் நிலம், தன் குப்பை, தன் தீப்பெட்டி. இதில் அடுத்தவருக்கு என்ன கவலை? கவலை வயலின் விளிம்பில் தொடங்குகிறது. அங்கேதான் சீர் என்று மலைமக்கள் அழைக்கும் பைன் மரக் காடும் தொடங்குகிறது.

சீர் பைன் ஊசி போன்ற தன் இலைகளைக் கோடையில்தான் உதிர்க்கிறது. பிரூல் எனப்படும் இந்தச் சருகு மார்ச்சில் விழத் தொடங்கி, ஏப்ரல், மே மாதங்களில் காட்டுத் தரையை மெத்தைபோல் மூடிவிடும். பிசின் நிறைந்த சருகு, எளிதில் மக்காது. பொறி பட்டால் போதும். அதே மாதங்களில்தான் மலைக் காற்று உலர்ந்து வீசுகிறது. பகல் ஏற ஏறப் பள்ளத்தாக்கிலிருந்து காற்று மேல்நோக்கிக் கிளம்பும். தீயும் அதனுடன் ஏறும். சரிவு ஒவ்வொரு 10 டிகிரி கூடும்போதும் தீயின் வேகம் ஏறத்தாழ இரு மடங்காகும் என்பது தீயணைப்போர் வைத்திருக்கும் கணக்கு. சமவெளியில் நடந்து தப்பிக்கக்கூடிய தீயைச் சரிவில் ஓடியும் முந்த முடியாது. 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறச் சென்றவர்களில் 20க்கும் மேற்பட்டோரைப் பறிகொடுத்த தமிழ் வாசகர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

தீ மேலே மட்டும்தான் போகும் என்று நினைப்பதும் தப்பு. எரியும் பைன் காய் சரிவில் உருண்டு ஓடி, நூறு அடி கீழே புதிதாக ஒரு தீயை மூட்டிவிடும். மேலே நின்று அணைப்பவருக்குக் கீழே என்ன நடக்கிறது என்றே தெரியாது.

காட்டுக்குப் போன தீயில் முதலில் சாவது பைன் அல்ல. அதன் தடித்த பட்டை சாதாரணத் தரைத் தீயைத் தாங்கிவிடும். கருகுவது பாஞ்ச் எனப்படும் ஓக் மரத்தின் இளங்கன்றுகள். ஓக் கருகிய இடத்தில் பைன் பரவுகிறது; பைன் பரவிய இடத்தில் அடுத்த தீ இன்னும் சுலபம். ஊற்றுக்கு நீர் பிடித்து வைப்பதும், மாட்டுக்குத் தழை தருவதும் ஓக் காடுதான். வயலைச் சுத்தம் செய்ய வைத்த தீ தப்பினால், வைத்த பெண்ணே அடுத்த ஆண்டு குடத்தோடு இன்னும் ஒரு மைல் நடக்க வேண்டிவரும்.

காட்டுத்தீ எல்லாமே ஓனாவால் வருவதில்லை. புது மழைக்குப் பசும்புல் கிளம்ப வேண்டும் என்று புல்வெளிக்குத் தீ வைப்பவர்கள் உண்டு. அணைக்காமல் எறிந்த பீடி, சாலையோரக் குப்பை, வேண்டுமென்றே செய்யும் விஷமம் எல்லாம் உண்டு. தீயை ஆயுதமாக்கிய வரலாறும் இந்த மலைக்கு இருக்கிறது. காடுகளைப் பிரிட்டிஷ் அரசு எடுத்துக்கொண்டு மேய்ச்சலுக்கும் விறகுக்கும் கட்டுப்பாடு விதித்தபோது, 1921இல் குமாவுன் மக்கள் பைன் காடுகளைக் கொளுத்தித்தான் பதில் சொன்னார்கள். அரசு இறங்கிவந்து குறைகேட்புக் குழு அமைத்தது. 1931இல் கிராமமே தன் காட்டை நிர்வகிக்கும் வன பஞ்சாயத்துகளுக்கு விதிகள் பிறந்தன. இன்று மாநிலத்தில் 11,000க்கும் மேற்பட்ட வன பஞ்சாயத்துகள் இருக்கின்றன. ஆனாலும் வயல் தீ தப்பிக் காடு எரிவது ஒவ்வொரு கோடையிலும் திரும்பத் திரும்ப நடக்கிறது.

2024ஆம் ஆண்டின் கோடை மோசமானது. மே மாதம் அல்மோரா மாவட்டத்தில் பைன் பிசின் எடுக்கும் வேலைக்கு வந்திருந்த நேபாளத் தொழிலாளர்கள் தீயில் சிக்கி இறந்தார்கள். ஜூன் 13 அன்று பின்சர் சரணாலயத்தில் தீயணைக்கப் போன வனத் துறை ஊழியர்களின் வாகனத்தைத் தீ சூழ்ந்துகொண்டது. எட்டுப் பேரில் நால்வர் அங்கேயே இறந்தனர். படுகாயங்களுடன் தில்லிக்கு விமானத்தில் கொண்டுசெல்லப்பட்டவர்களில் இருவர் பிறகு இறந்தனர்.

அதற்கு முன்பே, மே மாதத்தில், விவகாரம் உச்ச நீதிமன்றத்துக்குப் போயிருந்தது. மாநில அரசு அங்கே ஒரு கணக்கைச் சமர்ப்பித்தது. முந்தைய நவம்பரிலிருந்து 398 காட்டுத்தீக்கள். அத்தனையும் மனிதர்கள் மூட்டியவை. பதிவான வழக்குகள் 350. அவற்றில் பெயர் குறிப்பிடப்பட்டவர்கள் 62 பேர். செயற்கை மழையையும் வருண பகவானையும் நம்பிக்கொண்டிருப்பது தீர்வாகாது என்று நீதிபதிகள் கண்டித்தது தலைப்புச் செய்தியானது. ஆனால் கவனிக்க வேண்டியது அந்தக் கடைசி இரண்டு எண்களை. 350 வழக்குகளில் 62 பெயர்கள். பெரும்பாலான தீக்களுக்குச் சொந்தக்காரர் யாரும் இல்லை.

சட்டத்தைப் பார்த்தால் காரணம் விளங்கும். காப்புக் காட்டுக்கு ஆபத்து நேரும் விதத்தில் தீ மூட்டுவதோ, எரியும் தீயை அப்படியே விட்டுப் போவதோ 1927ஆம் ஆண்டு இந்திய வனச் சட்டத்தின் 26ஆம் பிரிவின்படி குற்றம். தீ வைத்தது எங்கே என்பது இரண்டாம்பட்சம். மனித உயிருக்கு ஆபத்து வரும்படி தீயை அலட்சியமாகக் கையாண்டால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 287ஆம் பிரிவு ஆறு மாதம் வரை சிறையோ, ரூ. 2,000 வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கிறது. வனச் சட்டத்தின் 79ஆம் பிரிவு அதிகம் பேசப்படாதது. காட்டில் மேய்ச்சல், விறகு போன்ற உரிமை பெற்றிருப்பவர்கள் காட்டுத்தீ பற்றித் தகவல் தருவதற்கும் அதை அணைக்க உதவுவதற்கும் கடமைப்பட்டவர்கள் என்கிறது அது.

எல்லாம் சரி. ஆனால் இந்தப் பிரிவுகள் எதிலும், ஒரு விவசாயி தன் வயலில் முள்ளைக் கொளுத்தியே ஆக வேண்டும் என்றால் எந்த நேரத்தில், எத்தனை பேரை வைத்துக்கொண்டு, விளிம்பிலிருந்து எத்தனை அடி தள்ளிக் கொளுத்தலாம் என்பது இல்லை. சட்டம் தீ தப்பிய பிறகுதான் வாய் திறக்கிறது. 2024 மே மாதம் நிலைமை கைமீறியபோது மாநில அரசு வயல்களில் தீவனக் கழிவு எரிப்பதற்கே முழுத் தடை விதித்தது. அவசர காலத்துக்கு அது சரிதான். ஆனால் நிரந்தரமாகத் தடை போட்டால் என்ன ஆகும் என்பதைப் பார்க்க மலையிலிருந்து இறங்கிப் பஞ்சாப் சமவெளிக்குப் போக வேண்டும்.

அங்கே எரிவது நெல் தாள். நிலத்தடி நீரைக் காப்பாற்ற 2009இல் வந்த சட்டம் நாற்று நடவை ஜூனுக்குத் தள்ளியது. அறுவடை அக்டோபர் கடைசிக்குப் போனது. கோதுமை விதைப்புக்கு இடையில் கிடைப்பது இரண்டு மூன்று வாரங்கள். இயந்திரம் அறுத்துப் போட்டுவிட்டுப் போகும் தாளை வேறு எப்படி ஒழிப்பது? 2015இல் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2 ஏக்கருக்குக் கீழே ரூ. 2,500, 5 ஏக்கர் வரை ரூ. 5,000, அதற்கு மேல் ரூ. 15,000 என்று ஒவ்வொரு முறைக்கும் அபராதம் நிர்ணயித்தது. 2024 நவம்பரில் மத்திய அரசு இதை இரட்டிப்பாக்கியது. எரித்தவர் நிலப் பதிவேட்டில் சிவப்புக் குறி, போலீஸ் வழக்கு என்று கெடுபிடி கூடியது. மறுபக்கம் தாளை மடக்கி உழும் இயந்திரங்களுக்கு மானியமும் தரப்பட்டது.

பலன் உண்டு. செப்டம்பர் 15 முதல் நவம்பர் 30 வரை செயற்கைக்கோள்கள் பஞ்சாபில் எண்ணிய தீக்கள் 2020இல் 83,002, 2024இல் 10,909, 2025இல் 5,114. ஆனால் எண்ணுகிற செயற்கைக்கோள்கள் பஞ்சாபின் மேலே கடப்பது பிற்பகலின் தொடக்கத்தில். அதை விவசாயிகள் கண்டுகொண்டார்கள். வானில் ஒரே இடத்தில் நின்று நாள் முழுவதும் பார்க்கும் வேறு வகைச் செயற்கைக்கோளின் படங்களை ஆராய்ந்தவர்கள், தீ மூட்டும் நேரம் மாலையை நோக்கி நகர்ந்திருப்பதைக் காட்டினார்கள். குறைந்ததில் எவ்வளவு நிஜம், எவ்வளவு ஒளிந்துகொண்டது என்ற சர்ச்சை ஓயவில்லை. தீயின் பாதுகாப்பைப் பொறுத்தவரை இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. அபராதத்துக்குப் பயந்து ஒளித்து மூட்டுபவர் அக்கம்பக்கத்தாருக்குச் சொல்வதில்லை. தண்ணீர் டேங்கரை நிறுத்தி வைப்பதில்லை. கொளுத்திவிட்டு அங்கே நிற்பதுமில்லை. 2022 மே மாதம் படாலா அருகே கோதுமைத் தாள் எரிந்த புகையில் பாதை தெரியாமல் போய், பள்ளிப் பேருந்து ஒன்று கவிழ்ந்து தீப்பிடித்தது, குழந்தைகள் காயமடைந்தார்கள். சாலையோர வயலைக் கொளுத்துகிறவர் சாலையில் ஓர் ஆளை நிறுத்துவது என்பது சட்டம் அனுமதிக்கும் தீயில்தான் சாத்தியம்.

நாட்டின் இன்னொரு மூலையில் நேர் எதிரான வழி இருக்கிறது. மிஸோரத்தில் ஜூம் எனப்படும் மாற்றிட வேளாண்மைக்கு மூங்கில் காட்டை வெட்டி, காயவிட்டு, கொளுத்துகிறார்கள். காய்வதற்காகக் காத்திருக்கும் அந்த இடைவெளியில் வருவதுதான் சாப்சார் குட் திருவிழா. கிராம எல்லைக்குள் தீயைத் தடுக்கவும் கட்டுப்படுத்தவும் அந்த மாநிலம் 1983லேயே தனி விதிகள் வகுத்தது. எரிப்பைப் பொதுவாக மார்ச் நடுவுக்குள் முடித்துவிட வேண்டும். தீத்தடுப்புக் கோடு வெட்ட வேண்டும். ஊர்க்குழு பொறுப்பேற்க வேண்டும். அப்படியும் அங்கே காடு எரிகிறது. 2021 ஏப்ரலில் லுங்லேய் நகரைச் சுற்றிய காடுகளில் பரவிய தீயை அணைக்க விமானப் படை ஹெலிகாப்டர்கள் வர வேண்டியிருந்தது. விதி இருந்தால் தீயே வராது என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் தீக்கு ஒரு கெடு தேதி உண்டு என்பதை அங்கே சிறுவர்கள்கூட அறிவார்கள்.

அல்மோராவின் ஷீத்லாகேத் பகுதிக் கிராமங்கள் இதே இடத்துக்கு வேறு வழியில் வந்து சேர்ந்தன. 2000களின் தொடக்கத்தில் கோசி நதியின் ஊற்றுகள் வற்றுவதைக் கண்டு, ஸ்யாஹி தேவி மலைக் காட்டைக் காப்பாற்றும் முயற்சி இங்கே தொடங்கியது. மரக் கலப்பைக்காக ஓக் மரங்கள் வெட்டப்படுவதைத் தவிர்க்க, அல்மோராவின் விவேகானந்தர் மலை வேளாண் ஆய்வு நிறுவனம் உருவாக்கிய இரும்புக் கலப்பை வந்தது. அதன் பெயரே வி.எல். ஸ்யாஹி ஹல். கலப்பையைச் சரிசெய்தாயிற்று; கோடாரியை அடக்கியாயிற்று; மிச்சமிருந்தது தீ. ஓனாவை நிறுத்துங்கள் என்று அவர்கள் சொல்லவில்லை. சொன்னால் யாரும் கேட்டிருக்கவும் மாட்டார்கள். மார்ச் 31க்குள் முடித்துவிடுங்கள் என்றார்கள். ஏப்ரல் 1 ஓனா தினம். அதற்குப் பிறகு வயலில் தீ இல்லை என்று கிராமங்கள் உறுதிமொழி எடுத்துக்கொள்கின்றன.

தேதி குருட்டாம்போக்கில் குறித்ததல்ல. மார்ச்சில் காட்டுத் தரையில் சருகு குறைவு. மண்ணில் குளிர்கால ஈரம் கொஞ்சம் மிச்சமிருக்கும். பொறி பறந்தாலும் பரவுவது மெதுவாக. இரண்டு பெண்கள் பச்சைக் கிளையால் அடித்தே அணைத்துவிடலாம். அதே பொறி மே மாதம் பறந்தால் ஊரே திரண்டாலும் போதாது. வேலையைச் சில வாரம் முன்னால் தள்ளியதுதான் இங்கே நடந்த மாற்றம். இதற்கு இயந்திரம் வேண்டாம், மானியம் வேண்டாம்.

மற்ற விதிகளும் ஊரார் அனுபவத்தில் விளைந்தவைதான். எந்த மலை கிராமத்துக்கும் பொருந்துபவை. குவியலை வயலின் நடுவில் போட வேண்டும், சுவரோரம் கூடாது. சுற்றிலும் மண் தெரியும்வரை செதுக்க வேண்டும். ஒரே பெரிய குவியலைவிடச் சிறு குவியல்கள் மேல். ஒன்று அடங்கிய பிறகே அடுத்தது. மேல் படியிலிருந்து தொடங்கிக் கீழே வர வேண்டும். அப்போது எரிந்து முடிந்த வயலே தீக்கு அணையாகிவிடும். காற்று கிளம்புமுன் காலையில் மூட்ட வேண்டும். மேலே ஒருவர், கீழே ஒருவர். தண்ணீர் தூக்க முடியாத உயரத்தில் பச்சைக் கிளையும் மண்ணும்தான் ஆயுதம். தழல் போன பிறகும் சாம்பலைக் கிளறி மண்ணோடு கலக்க வேண்டும். மரத்தூர்களும் சாணக் குவியலும் நாள்கணக்கில் உள்ளேயே கனலக்கூடியவை. முந்தின நாள் அணைந்ததாக நினைத்த தீ மறுநாள் பிற்பகல் காற்றில் எழும். இதில் எதையும் தனியாளாகச் செய்ய முடியாது. எனவே பக்கத்து வயல்காரிக்குச் சொல்லியாக வேண்டும். ஒளிக்க ஒன்றுமில்லாத இடத்தில்தான் அப்படிச் சொல்லவும் முடியும்.

2024 இழப்புகளுக்குப் பிறகு ஷீத்லாகேத் மாதிரியைப் பிற மாவட்டங்களுக்கும் கொண்டுபோக மாநில அரசு முடிவெடுத்தது. வனத் துறையினர் பார்த்துக் கற்க அங்கே அனுப்பப்பட்டார்கள். இங்கேதான் அரசு இயந்திரத்தின் பழைய நோய் தலைகாட்டும் அபாயம் இருக்கிறது. ஷீத்லாகேத்தில் தேதியைக் கிராமம் தானாகக் குறித்துக்கொண்டது. மேலிருந்து சுற்றறிக்கையாக வரும் தேதி இன்னொரு தடையாகவே காதில் விழும். உயரத்துக்கு உயரம் பயிர்க் காலம் மாறுகிறது. மழையும் சொன்னபடி கேட்பதில்லை. 2020-21 குளிர்காலத்தில் மழை பொய்த்து ஜனவரியிலேயே காடு எரிந்தது. அப்படிப்பட்ட ஆண்டில் மார்ச் 31 என்பதே மிகத் தாமதம். மார்ச் முழுவதும் மழை பெய்தாலோ குவியல் காயாது. ஏப்ரல் 5 அன்று காய்ந்த முள்ளை வைத்துக்கொண்டு ஒரு பெண் என்ன செய்வாள்? கெடுவுக்குப் பின் கொளுத்த வேண்டியவர் வன பஞ்சாயத்திடம் சொல்லி, ஆள் வைத்துக் கொளுத்த ஒரு வழியையும் விதியிலேயே வைத்தாக வேண்டும். வழி இல்லாவிட்டால் இருட்டிய பிறகு கொளுத்துவாள்.

இதைவிடக் கடினமான சிக்கல் ஒன்று இருக்கிறது. மாநிலத்தின் கிராமப்புற இடப்பெயர்வு ஆணையம் 2018இல் தந்த அறிக்கையின்படி, 2011க்குப் பிறகு 734 கிராமங்களில் ஒருவரும் வசிக்கவில்லை. ஆள் இருக்கும் கிராமங்களிலும் பாதி வயல் உழப்படாமல் கிடக்கிற ஊர்கள் ஏராளம். ஒரு காலத்தில் உழுத வயல்கள்தான் வீடுகளுக்கும் காட்டுக்கும் நடுவே இயற்கையான தீத்தடுப்புக் கோடாக இருந்தன. இப்போது அந்த வயல்களில் இடுப்புயரப் புதர். காடு இறங்கி வாசலுக்கு வந்துவிட்டது. மிச்சமிருக்கும் குடும்பம் தன் நான்கு படிகளை மார்ச்சில் எவ்வளவு ஒழுங்காகக் கொளுத்தினாலும், நடுவே கிடக்கும் அடுத்தவர் நிலம் மே மாதத் தீக்குத் திரிபோலக் காத்திருக்கிறது. அதை வெட்டிக் கொளுத்திவிடலாம் என்றால், உரிமையாளர் சம்மதமின்றி அவர் நிலத்தில் தீ வைப்பது சட்டப்படி வம்பு. பட்டாவில் தாத்தாவின் பெயர். பேரன்கள் ஆறு பேர், ஆறு ஊர்களில்.